ஆறு பத்து வண்டிக்கு ஒரு மனு

எங்கள் ஸ்டேஷனில் மாலை ஆறு பத்து வண்டி இனி நிற்காது என்று உத்தரவு வந்ததும், ஊரே மேலதிகாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டியது. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அந்த நிறுத்தத்தை ஒழித்துக்கட்டிய புண்ணியவான் நான்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் டிக்கெட் கிளார்க். ஐந்தரை மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு கேரம் ஆடப் போய்விடுவேன். "ஏறிக்குங்க. அடுத்த ஸ்டேஷன்ல வண்டி பத்து நிமிஷம் நிக்கும், அங்க இறங்கி எடுத்துக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எங்கள் ஜன்னலில் டிக்கெட் வாங்கினால்தான் எங்கள் ஊர்ப் பயணி என்பது மேலே உள்ளவர்கள் கணக்கு. ஆறு பத்துக்கு ஒன்றுகூட விற்கவில்லை. ஆளே ஏறாத இடத்தில் வண்டி எதற்கு நிற்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வண்டியில்தான் என் அக்கா டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்குப் போவாள். அத்தான் போன பிறகு அவள் குடும்பம் ஓடுவது அந்தச் சம்பளத்தில். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. "என் தம்பி மனு எழுதினா கல்லும் கரையும்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எழுதினேன். கருங்கல் ஏற்றத் தண்டவாளம் போட்டது, பிறகு ஓர் அறையும் டிக்கெட் ஜன்னலும் வந்தது, வெள்ளத்தில் சாலை அடித்துக்கொண்டு போன வருஷம் ரயில்தான் அரிசியும் மருந்தும் கொண்டுவந்தது, இன்று தினம் நான்கு வண்டிகள் என்று மூன்று பக்கம். எல்லாம் உண்மை. ஜன்னலைச் சாத்திய கதையை மட்டும் முழுங்கிவிட்டேன். எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "இத்தனை பேர் ஏறினீங்கன்னா, இங்க வித்த டிக்கெட் எங்க? ஓசியில போனீங்களா? இல்ல, கிளார்க் ஜன்னலைத் தொறக்கவே இல்லையா?" என்றார்.

அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. அக்காவுக்கும்தான். அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. உண்மையைச் சொன்னால் நிறுத்தம் திரும்பி வரும், என் வேலை போகும். ஒரே ஒரு வாக்கியம்.

பக்கத்துக் கடைக்காரர் வாயைத் திறக்கப் போனார். அக்கா அவரை முறைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கிளார்க் தொறந்துதான் வச்சிருந்தாரு சார். நாங்கதான் டிக்கெட் எடுக்காம ஏறிடுவோம்."

கொட்டுகிற மழையிலும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடி, ஒருநாள் தவறாமல் டிக்கெட் எடுத்தவள் அவள்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு, மனு தள்ளுபடி என்று அடியில் குறித்தார். "கிளார்க், சாட்சிக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அக்கா என் பக்கம் குனிந்து, "போடுடா. என் வேலை போயாச்சு. ரெண்டு பேரும் வேலையில்லாம உக்காந்தா யாருக்கு லாபம்?" என்றாள்.

பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. போட்டேன்.