தலைவரின் பத்தாண்டுக் காது

தண்ணீர்மலை அடிவாரத்தில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுவுக்குச் சுகுமாரன் தலைவர். குழுவில் மற்ற எல்லாரும் துணைத்தலைவர்கள். பானகம் கலக்குவது அவர்களுடைய மனைவிமார்.

பத்து வருடங்களுக்கு முன் அவருடைய நடுச்செவியில் ஒரு சிறு கருவியை அறுவை செய்து பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால், தலைத்தோலின்மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெளிப்பகுதி ஒன்று உண்டு. அதன் மைக் வாங்கும் ஒலியை உள்ளிருக்கும் கருவி அதிர்வாக மாற்றும். அன்றிலிருந்து நன்றாகக் கேட்டது. நன்றாகக் கேட்பதைப் பற்றி அவர் பேசாத மேடை இல்லை.

இந்தத் தைப்பூசத்தில் மொட்டை போட்டு வந்ததிலிருந்து காது மந்தம். எல்லாரும் தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. உள்ளே வைத்தது செத்துவிட்டது என்றே முடிவு கட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் கண்ணை மூடித் தலையாட்டினார். தலைவருக்குப் பக்குவம் வந்துவிட்டதென்று துணைத்தலைவர்கள் பூரித்துப்போனார்கள்.

மனைவி ருக்குமணி ஏமாறவில்லை. சாம்பாரில் உப்புப் போதுமா என்று கேட்டதற்கு, “எல்லாம் அவன் செயல்” என்று பதில் வந்ததும் அவரைக் காரில் ஏற்றினாள்.

மருத்துவமனை வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ருக்கு, இனி ஒன் குரலு கேக்காமப் போயிருமோன்னு பயமா இருக்கு.”

அவள் அவர் காதருகே குனிந்து கத்தினாள். “கேக்காட்டி இப்படியே கத்துறேன். முன்ன கத்தலயா? உள்ள வாங்க.”

செவித்திறன் பரிசோதிக்கும் நூர் ஃபாத்திஹா, கருவியைக் கணினியோடு இணைத்துச் சோதித்தாள். உள்ளிருப்பது பத்து வருடத்துக்கு முன்பு போலவே வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பிறகு வெளிப்பகுதியைக் கழற்றி விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். மைக்கின் துளையில் மஞ்சளாய்க் காய்ந்த அடைப்பு.

“ஆன்ட்டி, மொட்டைக்குச் சந்தனம் பூசுறப்ப இதக் கழட்டலயா?”

“கழட்டுனாரு. சந்தனம் காயுறதுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. ஸ்பீக்கர்ல இவரு பேரச் சொல்லுவாங்களாம், அது காதுல விழணுமாம்.”

நூர் ஃபாத்திஹா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடைப்பைச் சுரண்டி எடுத்து, மைக்குக்குப் புது மூடி போட்டு, இருந்த இடத்தில் ஒட்டினாள். ருக்குமணி இன்னும் நிறுத்தவில்லை: இந்த வயதில் இந்தப் பெருமை தேவையா, ஊர் முழுக்க இவர் பேரைக் கேட்டுக் காவடியா எடுக்கிறது...

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. மறுக்க வாயெடுத்த தலைவர், மறுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நிறுத்தாத, ருக்கு,” என்றார். “இன்னும் சொல்லு.”