பதினேழாம் படுக்கையின் பெயர்

நிர்மலா கடைசி வயரையும் ஒட்டி முடித்தபோது காலை பதினொன்று ஆகியிருந்தது. உப்புக் காற்றில் ஊறி முரடாகிப்போன சுருட்டை முடி. அதை வகிர்ந்து, தோலைத் தேய்த்து, வெள்ளைப் பசை வைத்து, சின்ன வெள்ளித் தட்டை அமுக்க வேண்டும். இருபத்தொரு இடங்களில். முக்கால் மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் பதினேழாம் படுக்கைக்காரர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. கடலில் வலை இழுக்கும்போது கயிறு அறுந்து இரும்புக் கொக்கி தலையில் அடித்து இருபத்திரண்டு நாள். கண் மூடியபடியே இருக்கிறது. மூச்சு மட்டும் தானாக வருகிறது.

"இன்னாத்த பூசி வெச்சிருக்க பாப்பா, ஆடி மாசக் கூழாட்டம்?" என்று மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வீராயி கேட்டாள். குருசுக்குப்பத்தில் மீன் விற்கிறவள். மெதுவாகப் பேசுவது அவளுக்கு வராது.

"வெந்நீர் போட்டாப் போயிடும்க்கா."

வாசலில் அவள் கொழுந்தன் அருள்முருகன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நாளைக் காலை எட்டு மணிக்கு வேன் சொல்லியிருந்தான். இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. வீட்டுக்கு என்றால் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஏதாவது தெரிந்தால் இன்னும் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் கலியபெருமாள் சொல்லியிருந்தார்.

மூளையின் மின்னலைகளைப் பதியும் அந்த இயந்திரத்தின் மேல் நிர்மலாவுக்கு நம்பிக்கை உண்டு. மூன்று வருடமாக இந்தக் கீழ்த்தள அறைதான் அவள் உலகம். ஒரே மாதிரி 'டிக் டிக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது நடுவே எதிர்பாராமல் ஒரு 'டங்' வந்தால், மூளை ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும். அரை விநாடிக்குள் உச்சந்தலையில் மின்சாரம் ஒரு சின்ன மேடாக எழும். ஒரு தடவையில் அது தெரியாது. மூளையின் ஓயாத இரைச்சலுக்குள் மறைந்து கிடக்கும். நாற்பது ஐம்பது தடவைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் மேலே வரும்.

'டிக்'கும் 'டங்'கும் பத்து நிமிடம் ஓடின. காது கேட்கிறது என்பதற்கான முதல் அசைவு இருந்தது. மேடு இல்லை.

"இந்த டிங்கு டிங்குக்கெல்லாம் யாரு திரும்புவா? எஞ்சின் பக்கத்துலயே தூங்குற ஆளு அவரு," என்றாள் வீராயி.

அது நியாயமாகத்தான் பட்டது. நிர்மலா அடுத்ததைப் போட்டாள். நர்ஸ் சுலோசனாவின் குரலில் நேற்றே பதிந்து வைத்த பெயர்கள். நான்கு வேற்றுப் பெயர்கள், நடுநடுவே கேஸ் ஷீட்டில் இருந்த பெயர். சொந்தப் பெயருக்கு அசையாத மூளை அபூர்வம். பத்து நிமிடம் காத்திருந்தாள். ஐந்து கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சமமாகப் படிந்தன.

சரிபார்ப்பதற்காக ஸ்பீக்கரில் ஒரு முறை ஓடவிட்டாள். "சேகர்... மாரி... சபரிமலை..."

"அது யாரு சபரிமலை? பக்கத்து பெட்டா?" என்றாள் வீராயி.

நிர்மலா திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் பேருதானே?"

"ஐய! சபரிமலைல இருக்கற சாமி பேருன்னுதான சொன்னேன், சீட்டு எழுதுன ஆளுகிட்ட?"

அருள்முருகன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் பேரு அய்யப்பன் மேடம். அண்ணி பேரு சொல்ல மாட்டாங்க. அத மாத்தணும்னா மறுபடி லைன்ல நிக்கணும்னாங்க, விட்டுட்டேன்."

நிர்மலாவுக்குச் சிரிப்பும் வந்தது, தலைக்குள் ஏதோ பளிச்சென்றும் இருந்தது. இருபத்திரண்டு நாளாக இந்த மனிதரை இங்கே யாருமே அவர் பெயரால் கூப்பிடவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க குரல்ல."

"நானா?" வீராயியின் குரல் முதல் முறையாக இறங்கியது. "ஆயுசு கொறையும்பாங்க பாப்பா."

"நான் சொல்றேன் மேடம்," என்றான் அருள்முருகன்.

"நீங்க அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றாள் நிர்மலா.

"அண்ணேன்னு."

வீராயி எழுந்து கணவன் பக்கம் வந்தாள். "பத்தொம்பது வருசமா வம்பு பண்ணுவாரு. ஒரே ஒரு தடவ சொல்லுடி, பச்ச பொடவ எடுத்துத் தரேன்னு. சாமிங்க கறுப்புக் கட்டிக்கிட்டு சரணம் போட்டுக்கினு வந்தாக்கூட நான் வாயத் தொறக்க மாட்டேன். பின்னாடி நின்னு கெக்கெக்கேன்னு சிரிப்பாரு." அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "எத்தினி தடவ சொல்லணும்?"

"ஒரு தடவ போதும். மெஷின் திருப்பித் திருப்பிப் போட்டுக்கும்."

"அப்ப மெஷினு சொல்றது என் கணக்குல வராதுல்ல?"

"வராதுக்கா."

கொழுந்தனை வெளியே போகச் சொன்னாள். மைக்கைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பதிவில் காற்றுதான் இருந்தது. இரண்டாம் முறை கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற தொண்டையில் வந்தது. ஒலியளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய் முட்டி நின்றது.

"இன்னொரு தடவ, கொஞ்சம் மெதுவா."

"ஒண்ணுன்னுதான சொன்ன?" முறைத்துக்கொண்டே சொன்னாள். "அய்யப்பன்." வீட்டுக்குள் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல, அளவாக.

பழைய நான்கு பெயர்களும் வரிசை மாறி மாறி ஓடின, எங்கோ நடுவே வீராயியின் குரல். நாற்பது முறை. திரையில் சராசரி மெல்லத் திரண்டது. நான்கு கோடுகள் தரையோடு கிடந்தன. ஐந்தாவது, சரியாக வேண்டிய இடத்தில், நிமிர்ந்தது. நிர்மலா முதல் இருபதைத் தனியாக, பின் இருபதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாள். இரண்டிலும் அதே மேடு.

"கேட்டுச்சா?"

"கேட்டுருக்குக்கா. மத்த பேருக்கு இல்லாதது இதுக்கு இருக்கு."

"அப்பறம் ஏன் கண்ணத் தொறக்கல?"

"அது இந்த மெஷினுக்குத் தெரியாது. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட நானே இந்தத் தாளைக் காட்டுறேன்."

வாசலுக்குத் திரும்பியிருந்த அருள்முருகன் போனில் சொல்வது கேட்டது. "நாளைக்கு வேன் வேணாம்ணே. வேணாம்ணா வேணாம், அண்ணன் இங்கயே இருக்கட்டும்."

நிர்மலா வயர்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த இடத்தில் வீராயி வெந்நீர்ப் பஞ்சால் பசையைக் கரைத்து, விரலால் சிக்கெடுத்துக்கொண்டே போனாள். "மூணு தடவ சொல்லிட்டேன்," என்றாள் அவர் காதில். "மூணு பொடவ. ஒண்ணு பச்ச." அப்புறம் யாரும் கேட்காமலே, மைக் இல்லாமலே, நான்காவது முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

உச்சந்தலையில் ஒரு வயரும் காதோரங்களில் இரண்டும் மட்டும் மிச்சம் இருந்தன. ஒரு தடவையில் எதுவும் தெரியாது என்று நிர்மலாவுக்குத் தெரியும். ஆனாலும் எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தி, திரையில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.