கயிறு பிடித்து வாங்கிய டிராக்டர்

டிராக்டர் வாங்க வந்த நான் கையில் கயிற்றோடு நின்றதைப் பார்த்து, பூந்தமல்லிக் கடைக்காரர் கோவிந்தராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கயிற்றில் இரண்டு முடிச்சு இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஐந்தேகால் அடி. காட்டுப்பாக்கத்தில் என் மூன்று ஏக்கருக்குப் போகிற வண்டிப்பாதையின் அகலம் அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அது ஏழடிப் பாதை. இரண்டு பக்கமும் என் கொழுந்தன் தசரதனின் நிலம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, போகத்துக்கு இரண்டு விரல் என்று மண்வெட்டியால் செதுக்கிச் செதுக்கி, பாதையைத் தன் வயலுக்குள் இழுத்துக்கொண்டான். மணியக்காரரிடம் போய் நின்றேன். பாதைக்குப் பத்திரம் இல்லை, கோர்ட்டுக்குப் போ என்றார். கோர்ட்டு தீர்ப்புச் சொல்வதற்குள் என் நிலத்தில் முள் மண்டிவிடும்.

மாடு ஒன்று செத்துப்போனது. ஏர் ஓட்டிய வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் இரண்டு போகம் நிலம் தரிசாகக் கிடந்தது. ஏரி மதகு திறப்பதற்குள் உழாவிட்டால், அதில் தானே பயிர் வைக்கப்போவதாகத் தசரதன் ஊர் நடுவில் சொல்லிவிட்டான். அவன் கைக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

கோவிந்தராஜ் மூன்று வண்டிகளைக் காட்டினார். சிவப்பு வண்டிக்கு முப்பத்தைந்து குதிரைசக்தி, ஆனால் பதிவு செய்துவிட்டு ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். நீல வண்டி விலை கொஞ்சம் குறைவு, டீசலை மட்டும் தண்ணீராய்க் குடிக்கும். மூலையில் தூசி படிந்து ஒரு பச்சை வண்டி நின்றது. பதினெட்டு குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர், சிவப்பின் விலையில் பாதிக்குச் சற்று மேல். அதை யாரும் கேட்பதில்லை என்றார். கலப்பையைத் தூக்கி இறக்க ஹைட்ராலிக் உண்டா என்று கேட்டேன். இருந்தது.

கயிற்றைப் பிடித்தேன். சிவப்பும் நீலமும் முடிச்சைத் தாண்டின. பச்சை சரியாக ஐந்தடி. சக்கரங்களை இன்னும் உள்ளே தள்ள முடியுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். முன் அச்சில் மூன்று ஓட்டைகளைக் காட்டினார். அதில் செருகிய இரும்பு முளையைக் கழற்றி அடுத்த ஓட்டையில் மாட்டினால் முன்சக்கரங்கள் உள்ளே போகும், பின்சக்கரங்களைத் திருப்பி மாட்டினால் அவையும் ஒடுங்கும். நகையை விற்ற பணத்தையும் பேங்க் கடனையும் சேர்த்துப் பச்சையை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்த வேம்புலிதான் வண்டியை ஓட்டிவந்தான். பாதையில் இரண்டு பக்கமும் ஈர மண் புதிதாக வெட்டிக் கிடந்தது. கயிற்றைப் போட்டுப் பார்த்தேன். நாலே முக்கால் அடிதான் மிச்சம். தசரதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வேடிக்கை பார்க்க ஊரையும் கூட்டி வைத்திருந்தான்.

"இன்னாத்துக்கு அண்ணி வீண் செலவு? வந்த வழியே திருப்பிகினு போ சொல்லு" என்றான்.

ஜாக்கியை எடு என்று வேம்புலியிடம் சொல்லிவிட்டு, தசரதன் மறுபடியும் மண்வெட்டியை ஓங்காதபடி பாதையின் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரம் வெயில் கொளுத்தியது. வேம்புலி நட்டுகளைக் கழற்றிப் பின்சக்கரங்களைத் திருப்பி மாட்டினான். முன் அச்சின் முளையை அடுத்த ஓட்டைக்கு மாற்றினான்.

பிறகு நான் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். டயர் இரண்டு பக்கமும் வரப்பை உரசிக்கொண்டே போனது. மண் சரிந்தது, வண்டி சரியவில்லை. என் நிலத்தில் இறங்கியதும் நிறுத்தச் சொன்னேன். தசரதன் இன்னும் மண்வெட்டியோடுதான் நின்றான்.

"தசரதா, அச்சுல மூணு ஓட்டை கீது. இப்ப ரெண்டாவதுலதான் மாட்டிகினு வந்தோம். நீ வெட்டிகினே இரு. நான் உழுதுகினே இருக்கேன்" என்றேன்.

வேம்புலி கலப்பையை இறக்கினான்.