கண்ணாடி அறையில் அக்கா

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஓய்வறை கட்டும் பொறுப்பு கிடைத்ததும் நான் போட்ட முதல் கோடு கண்ணாடிச் சுவருக்குத்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கட்டட வடிவமைப்பு படித்தவள். வெளிச்சம் வந்தால் வேலை செய்கிறவர்களுக்கு உற்சாகமும் தானாக வரும் என்று படித்திருந்தேன். பிரசவ வார்டுக்கு எதிரே, வார்டுத் துணிகளை அடுக்கி வைத்திருந்த பழைய அறையை இடித்தேன். சாய்வு நாற்காலிகள், கால் வைக்க முக்காலிகள், தொட்டிச் செடிகள். போட்டோவில் அறை ஜொலித்தது. மேனேஜர் கைதட்டினார்.

அதோடு சரி. ஒரு ஈ காக்கைகூட உள்ளே வரவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நர்சுகள் "டைம் இல்லம்மா" என்று நழுவினார்கள். ஆயாக்கள் மாடிப்படிக்கு அடியில் குந்தி டீ குடித்தார்கள். ஆள் வராத அறையை மருந்துக் கடைக்கு விட்டுவிடலாம் என்று மேனேஜர் ஆரம்பித்தார். புதன்கிழமை சேர்மன் வந்து பார்த்து முடிவு சொல்வாராம்.

என் அக்கா அந்தப் பிரசவ வார்டில்தான் ஆயா. பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே நிற்கிறவர்கள் கையில் கொடுப்பது அவள். அதில் அவளுக்கு அப்படியொரு கர்வம். நாங்கள் அக்கா தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியாது. "ஆயாவோட தங்கச்சின்னு தெரிஞ்சா ஒருத்தனும் உன்னை மதிக்க மாட்டான், சொல்லாத" என்றது அவள்தான். சௌகரியமாக இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

"புதன்கிழமை நீயாவது வந்து உக்காருக்கா."

"ஐயே! மீன் தொட்டி மாதிரி இருக்கு. நான் என்ன கலர் மீனா?"

"கிண்டல் பண்ணாத. உன்னைப் பாத்தா மத்தவங்களும் வருவாங்க."

"எதிர்லயே பேஷண்ட் வீட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்கடீ. அவங்க கண்ணுல பட்டா..."

"உன் பிரேக்குல நீ உக்கார்ற. எவன் கேப்பான்? நான் பாத்துக்கறேன்."

வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்ற கால். முக்காலியில் தூக்கி வைத்ததும் தூங்கிப்போனாள். எதிர் பெஞ்சில் இருந்தவன் போனில் படம் பிடித்தான். 'உள்ளே என் பொண்டாட்டி கதறுறா, இங்க மகாராணி தூங்குறாங்க' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். சேர்மன் வந்து சேருவதற்குள் அது அவர் போனுக்கே வந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. அறையைக் கட்டியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி. அக்கா நின்றாள்.

"யாரைக் கேட்டு உள்ள போய்ப் படுத்த?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "கால் வலிச்சுது சார். தப்புதான்."

நான் பொங்கிவிட்டேன். "அது அவங்க பிரேக் நேரம் சார்! ஊழியர்களுக்குன்னு கட்டிட்டு, உக்காந்தா குத்தமா?"

நல்ல கேள்விதான். குரலும் கணீரென்று வந்தது. ஆனால் 'நான்தான் உட்காரச் சொன்னேன்' என்பது மட்டும் வரவில்லை. கோபமாகக் கத்தினால் உண்மையைச் சொல்லிவிட்டது போலவே இருக்கிறது. அந்தக் கத்தலுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன்.

"ரூல் எனக்கும் தெரியும்மா," என்றார் மேனேஜர். "வேலைய விட்டு அனுப்பல. வார்டுதான் கிடையாது. கீழ சலவைக்குப் போகட்டும்."

இன்று மதியம் கீழே போனேன். ஜன்னல் கிடையாது. மெஷின் இரைச்சல், சோப்பு நெடி. அழுக்குத் துணி மூட்டை ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் கால் நீட்டியிருந்தாள் அக்கா.

"வாங்க மேடம். கதவைச் சாத்து."

சாத்தினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. நான் இடித்த துணி அறைக்கும் இருந்தது.

"இங்க யாரும் பாக்க மாட்டாங்க. உன் ரூமை விட இது தேவலாம்," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பிள்ளைங்க அழுவுற சத்தம்தான் கேக்கல. காது அடைச்ச மாதிரி இருக்கு."

"நான்தான் உக்காரச் சொன்னேன்னு சொல்லியிருக்கணும்க்கா."

"ஆமா," என்றாள். "நேத்தே சொல்லியிருக்கணும்."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எழுந்தேன்.

"எங்கடீ?"

"மேனேஜர் ரூமுக்கு."

"போய்? பிரேக்கு, ரூலுன்னு மறுபடியும் கத்தப் போறியா?"

"இல்ல. யாரைக் கேட்டுப் படுத்தன்னு உன்னைக் கேட்டாருல்ல? தங்கச்சியைக் கேட்டுன்னு சொல்லப் போறேன்."

அக்கா காலை இறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றாள்.