கொரியா மேடத்துக்கு ஒரு நாற்காலி

ரத்தினம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கெட்ட மனசெல்லாம் கிடையாது. நாலு பேர் முன்னால் நாம் இளைத்துப்போய்விடக் கூடாதே என்கிற தவிப்பு, அவ்வளவுதான். அந்த வாயால்தான் பெற்ற மகளின் நிச்சயதார்த்தமே அன்றைக்கு அந்தரத்தில் தொங்கிற்று.

மாப்பிள்ளை வீட்டார் ரங்கூன் ஊருக்குள்ளேயே தின்கன்ஜூன் பேட்டைக்காரர்கள். சொந்த வீடு, முன்பக்கம் பருப்புக் கடை. மாப்பிள்ளை மோகனுடைய அம்மா இந்திராவின் தாத்தா, செட்டியார் வட்டிக்கடையில் பேனா பிடித்தவர். ரத்தினம்மாளின் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரண்டு பேரும் ஒரே கப்பலில்கூட வந்து இறங்கியிருக்கலாம், யார் கண்டது! ஆனால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பேனா ஒரு பக்கமும் மூட்டை ஒரு பக்கமுமாகத்தான் இருந்தன. தொண்ணூறு வாக்கில் ஊருக்குள் இருந்த குடிசைகளைப் பெயர்த்து ஆற்றுக்கு அந்தப்பக்கம் லைங் தாயாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள் இல்லையா, அப்போது மூட்டை முடிச்சோடு போனவர்கள்தான் ரத்தினம்மாளும் அவள் புருஷன் சபாபதியும். சபாபதி சைக்கா ஓட்டுகிறார். பக்கத்தில் இருக்கை வைத்த அந்த மூன்று சக்கர சைக்கிள்தான் அவர்களுடைய சொத்து.

மகள் பிரேமா கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறாள். கோயில் திருவிழாவில் மோகன் அவளைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றான். இந்திரா மறுக்கவும் இல்லை, மனசாரச் சம்மதிக்கவும் இல்லை. ஒருநாள் வீடு பார்க்க வந்தாள். தகரக் கூரையை ஒரு பார்வை, பலகைச் சுவரை ஒரு பார்வை, வாசல் சேற்றை ஒரு பார்வை. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் ரத்தினம்மாளுக்குத் தாங்குமா?

"நாங்க இப்பிடி இருக்கோம்னு பாக்காதீங்க அக்கா. பிரேமா கம்பெனில ஒரு வெளிநாட்டு மேடம் இருக்கு. இவள மக மாதிரி வச்சிருக்கு. நிச்சயத்துக்கே வருதுன்னா பாத்துக்குங்களேன்!"

இந்திராவின் முகம் மலர்ந்தது. "கொரியாக்காரன் கம்பெனிதானே? அப்ப கொரியா மேடமா?"

ரத்தினம்மாள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டை முன்னால் தள்ளி, "எடுத்துக்குங்க அக்கா" என்றாள்.

அந்த மேடம் கொரியாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வார்சினி என்று பெயர், இந்தோனேசியாவில் ஜாவாக்காரி. கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்கள் என்றால் எல்லோரும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கொரியாக்காரர்கள் ஊருக்குள் குளிரூட்டிய வீட்டிலிருந்து காரில் வருவார்கள். கணக்குப் பார்க்கும் தைவான்காரருக்கு ஓட்டல் அறை. தையல் சொல்லிக்கொடுக்க வந்த ஜாவாப் பெண்களுக்குக் கம்பெனிக்குப் பின்னால் ஒரே அறையில் கட்டில்கள், மத்தியானம் தொழிலாளிகளோடு அதே கீரைக் குழம்பு. பாஸ்போர்ட்டில் பார்த்தால் எல்லோரும் வெளிநாட்டார். சோற்றுத் தட்டில் பார்த்தால் வார்சினி லைங் தாயாக்காரிதான்.

பிரேமா அவளைச் சயாமா என்பாள், டீச்சரம்மா என்பதற்குப் பர்மாச் சொல். சட்டைக்குக் கை வைத்துத் தைக்க அவளுக்குக் கற்றுத்தந்து லைன் லீடர் ஆக்கியது வார்சினிதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரத்தினம்மாள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவாள், மிளகாய் அரைப்பாள், கையால் பிசைந்து சாப்பிடுவாள். இருவருக்கும் பொதுவான பாஷை பர்மி. அதிலும் வார்சினியின் பர்மி தத்தக்கா பித்தக்கா. ஜாவாவில் பாட்டியிடம் வளரும் தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அந்தப் பர்மி எப்படியோ தடங்கலில்லாமல் வந்துவிடும். கூடப் பிறந்த தங்கச்சி இருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று ரத்தினம்மாள் பலமுறை சொல்லியிருக்கிறாள். உண்மையாகவே சொன்னாள்.

ஆனால் நிச்சயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சியை எதிரே நிற்கவைத்து நடத்திய பாடம் இருக்கிறதே!

"பேன்ட் போட்டுக்கிட்டு வா, கம்பெனிக்குப் போற மாதிரி. லொஞ்சிக் கைலி கட்டிக்கிட்டு வந்துறாதே. ஷூ போட்டுக்க, கழட்ட வேணாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாற்காலில உட்காரு. அடுப்படிப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அப்புறம்..." என்று குரலைத் தாழ்த்தினாள். "சிங்கப்பூர்ல வேலை பாத்தியே, அத மட்டும் யார்கிட்டயும் வாய தொறந்துறாதே."

வார்சினி பர்மாவுக்கு வருமுன் நாலு வருஷம் சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்தவள். தானாக நம்பிச் சொன்ன விஷயம் அது. அவள் ஒரு கணம் ரத்தினம்மாளைப் பார்த்தாள். "சரி, அமா" என்றாள். பர்மியில் அமா என்றால் அக்கா.

நிச்சயத்தன்று காலையில் டீக்கடை நூருன்னிசாவிடம் இரவல் வாங்கிய மெத்தை வைத்த பிரம்பு நாற்காலியைச் சபாபதி சைக்காவில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். "உன்னக் கட்டிக்கிட்டு இருபத்தஞ்சு வருஷமாச்சு, எனக்கு ஒரு முக்காலி போட்டிருக்கியாடி?" என்று கேட்டார்.

"நீங்க என்ன கொரியாவா?" என்றாள் ரத்தினம்மாள்.

வார்சினி சொன்னபடியே வந்தாள். கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, அறைத்தோழியிடம் இரவல் வாங்கிய ஷூ. அது அவள் காலுக்குச் சின்னது, நடையிலேயே தெரிந்தது. நாற்காலியின் நுனியில் முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்தாள். பழக்கதோஷம், துருவாமல் கிடந்த தேங்காய் மூடியின் மேலேயே அவள் கண் போய்ப் போய் வந்தது.

இந்திரா பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். கூட மோகனும் உறவுக்காரர்கள் சிலரும். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். தட்டு மாற்ற நல்ல நேரம் பிறக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. அதுவரை வாய் சும்மா இருக்க வேண்டாமே என்று கேசரியும் வடையும் வந்தன. இந்திரா வார்சினியைப் பார்த்துக் கும்பிட்டு, மரியாதையான பர்மியில் கேட்டாள்:

"மேடத்துக்குக் கொரியாவில் எந்த ஊர்?"

இத்தனை பாடம் நடத்தின ரத்தினம்மாள், நீ கொரியாக்காரியாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது!

"கொரியா இல்லை" என்றாள் வார்சினி வெள்ளந்தியாக. "இந்தோனேசியா."

உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபாபதி சைக்காவைப் பார்க்கப் போகிறவர் போல வாசலுக்கு நகர்ந்தார். இந்திரா எழுந்து போய்விடுவாள் என்றுதான் ரத்தினம்மாள் நினைத்தாள். இந்திராவோ ஒரேயடியாகச் சந்தோஷப்பட்டுப் போனாள்.

"அட! இந்தோனேசியாவா? எங்க பெரியவன் அரவிந்த் சிங்கப்பூர்ல இருக்கான்ல, அவன் வீட்டு வேலைக்காரி அந்த ஊர்தான்! தங்கமான புள்ள. போன வருஷம் ஆறு மாசம் அங்கதானே இருந்தேன். அவ பாஷை எனக்கு நல்லா வரும்!"

அதோடு விட்டாளா? கெட்ட எண்ணம் துளியும் இல்லை அந்த அம்மாளுக்கு, சத்தியமாக இல்லை. வெளியூரில் நம் பாஷையை நாலு வார்த்தை யாராவது பேசினால் நமக்கு மனசு குளிராதா, அப்படி இவளையும் குளிரவைக்கலாம் என்றுதான் நினைத்தாள். வார்சினியைப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக, தனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் எடுத்துவிட்டாள்.

"மாரி! சூச்சி! சப்பு! சப்பாட், சப்பாட்!"

வா. கழுவு. பெருக்கு. சீக்கிரம், சீக்கிரம். அந்தப் பாஷையில் இந்திராவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வார்சினி எழுந்துவிட்டாள். யோசித்து எழுந்ததாகத் தெரியவில்லை, உடம்பு தானாக எழுந்துவிட்டது. கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். குனிந்து, இந்திராவின் முன்னால் இருந்த எச்சில் தட்டை எடுத்தாள். அடுத்தவர் தட்டை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்து அடுக்கினாள். கடிக்கிற ஷூவோடு அடுப்படியைப் பார்த்து நடந்தாள். சிங்கப்பூரைப் பற்றி அவள் வாயைத் திறக்கவே இல்லை. அமாவிடம் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள். இந்திரா முகத்தில் ஈயாடவில்லை. "நான்... நான் சும்மா பேசினேன்" என்றாள்.

உள்ளறை வாசலில், தலை நிறையப் பூவோடு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பிரேமா அப்போதுதான் நிமிர்ந்தாள். நிச்சயப் பெண் எழுந்து நடமாடலாமா, கூடாதா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. விறுவிறுவென்று போய் வார்சினியின் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு, "வேண்டாம் சயாமா" என்றாள் பர்மியில். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ரத்தினம்மாளுக்கு நெஞ்சு கொதித்தது. இந்திராவைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று திரும்பினாள். கேட்டால் சம்பந்தம் போகும், போகட்டும் என்றுதான் திரும்பினாள். திரும்பின கண்ணில் பட்டது வார்சினியின் கால். ஷூவுக்கு மேலே தெரிந்த வெள்ளைக் காலுறையில், குதிகால் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், பாவி மகள்! கழுவு என்று சொன்னது இந்திரா. உட்காரு, இதைப் போடு, அதைக் கட்டாதே, வாயைத் திறக்காதே என்று சொன்னது யார்? இந்திராவோ ஒரு பொழுது பழகினவள். தங்கச்சி தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு இதைச் செய்தவள் நான்தானே என்று நினைத்தபோது ரத்தினம்மாளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"அக்கா, உங்க மேல தப்பில்ல" என்றாள் இந்திராவிடம். "நீங்க கொரியாவான்னு கேட்டீங்க, நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். மூட்டை தூக்குனவன் பேத்தின்னு நெனப்பீங்கன்னு எனக்கு வெக்கம். எம் பொண்ணு கைல இருக்குற தொழிலு இவ குடுத்தது. இவளும் சிங்கப்பூர்ல பாத்திரம் கழுவுனவதான். அதச் சொல்லக் கூடாதுன்னு வேற இவகிட்ட சொல்லி வச்சேன். இந்தச் சம்பந்தம் வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க. இன்னிக்கு இந்த வீட்டுல இவ தட்டு எடுக்க மாட்டா."

சொல்லிவிட்டு வார்சினியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஷூவின் கயிற்றை அவிழ்த்து, மெல்லக் கழற்றி வாசல் பக்கம் வைத்தாள். வார்சினி, "அமா, வேண்டாம், அமா" என்று காலை இழுத்துக்கொண்டாள். ரத்தினம்மாள் விடவில்லை.

அந்த நேரத்தில் மோகன் எழுந்தான். ஒருவர் முகத்தையும் பார்க்காமல், பாயில் மிச்சம் கிடந்த தட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு பிரேமாவுக்குப் பின்னாலேயே அடுப்படிக்குப் போனான்.

"டேய் மோகா!" என்றாள் இந்திரா. அவன் திரும்பவில்லை. உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. உறவுக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நல்ல நேரம் வந்துவிட்டதே என்று முனகினார். இந்திரா பட்டுப்புடவைத் தலைப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள பேரு சுமி" என்றாள் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "சமையல்கட்டுல நின்னுக்கிட்டேதான் சாப்பிடும். அதுக்குப் புருஷன் இருக்கானா, புள்ளகுட்டி இருக்கா, ஒண்ணும் தெரியாது எனக்கு. ஆறு மாசத்துல கேக்கணும்னே தோணல."

பிறகு ரத்தினம்மாளை முறைத்தாள். "கொரியான்னு நம்ப வச்சியே, அதுக்கு உன்னை அப்புறம் வச்சுக்கிறேன், இரு."

அப்புறம் என்றாளே! ரத்தினம்மாளுக்கு அந்த ஒரு வார்த்தையில் போன உயிர் திரும்பியது.

இந்திரா வார்சினியின் பக்கம் திரும்பினாள். இப்போது சிரிப்பு இல்லை. பர்மியில், மெதுவாக, பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணைப் போலக் கேட்டாள்: "உங்கள் பாஷையில் உட்காருங்கள் என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்? அது எனக்குத் தெரியாது."

வார்சினி ரத்தினம்மாளைப் பார்த்தாள். என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று கேட்கிற பார்வை. "உனக்குத் தோன்றுவதைச் சொல்லு" என்றாள் ரத்தினம்மாள்.

"டுடுக்" என்றாள் வார்சினி.

"டுடுக்" என்றாள் இந்திரா. இரண்டாம் தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தாம்பூலத் தட்டை ஒரு பக்கம் நகர்த்தி, பாயில் தன் பக்கத்திலேயே இடம் விட்டு, அந்த இடத்தைக் கையால் தட்டினாள். "டுடுக், வார்சினி."

வெறுங்காலோடு வந்து வார்சினி பாயில் உட்கார்ந்தாள், சம்மணம் போட்டு, நிம்மதியாக. எதிரே பிரம்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. ரத்தினம்மாள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், ரெண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள், தட்டு மாற்ற நேரமாச்சு என்று.