ஒவ்வொரு குழியும் ஒரு விபத்து

கார் கேமரா மறுபடியும் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது. சந்தையில் இருந்ததிலேயே மலிவானதைப் பார்த்து வாங்கி வந்தவன் என் புருஷன் வதீம். இப்போது அவனே அதைக் கரித்துக்கொட்டினான்.

“தூக்கிக் குப்பையில போடு ஸோயா. நம்பர் பிளேட்டு தெரியல, தேதி தப்பு, இருட்டுல எடுத்தா வெறும் சேறு. இதெல்லாம் ஒரு கேமராவா?”

சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அன்றைக்குத்தான் மகள் உல்யானா பேத்தியோடு பிரசவ மருத்துவமனையிலிருந்து வருகிறாள். மருமகன் வடக்கே எண்ணெய் வயலில். பேத்தியை நானே கார் ஓட்டி அழைத்துவர வேண்டும் என்றுதான் ஐம்பத்திரண்டு வயதில் பயிற்சிக்குப் போய், இரண்டு முறை தோற்று, உரிமம் வாங்கினேன். வாங்கிய கையோடு பின் பம்பரில் ஒரு பள்ளம். நான் இடித்த ஞாபகமே இல்லை. வதீம் திட்டவில்லை. “புதுசா ஓட்டுறவங்களுக்கு சகஜம். வெள்ளிக்கிழமை நானே ஓட்டிக்கிறேன்” என்றான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் இடித்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சமையலறையில் அவன் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருக்க, நான் மெமரி கார்டை மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். நோய் புரிந்துவிட்டது. வண்டி குலுங்கினால் அதை விபத்து என்று நினைத்து, கீச்சிட்டு, அழியாதபடி அந்தக் காட்சியைப் பூட்டிவைக்கும் கேமரா அது. எங்கள் தெருவில் குழிக்கா பஞ்சம்? மருந்துக்கடைக்குப் போய்வருவதற்குள் பத்து விபத்து. பூட்டிய காட்சிகளே கார்டை நிரப்பிவிட்டால் புதிதாக எங்கே பதிவாகும்? குலுக்கலை உணரும் திறனைக் குறைத்துவிட்டு, கார்டைத் துடைத்தால் போதும். துடைப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

“எதுக்கு வெட்டியா பாத்துட்டு? அழிச்சிரேன்” என்றான் வதீம், திரும்பாமலே.

ஒரு காட்சி முழுக்க வெள்ளை. காரின் முன்கண்ணாடி மேல் உறைபனி. எங்கள் ஊர்க் குளிரில் காரைக் கிளப்பிச் சூடேற விட்டு, மாடிக்கு வந்து தேநீர் குடிப்போம். அது வதீமின் காலை வேலை. படத்தில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கணீரென்று இருந்தது. அவனுடைய சுருதி கெட்ட பாட்டு. ரிவர்ஸ் கியர் விழுந்தது. டொம். பாட்டு நின்றது.

“அடக் கடவுளே. வலிக்குதாடி செல்லம்? ஸோயாகிட்ட மூச்சு விட்டுடாத. முப்பது வருஷமா ஓட்டுறவன் வெளக்குக் கம்பத்துல இடிச்சான்னு தெரிஞ்சா என் மானமே போயிரும்.”

அடுப்பருகே கரண்டி அசையாமல் நின்றது. அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“சத்தம் மட்டும் நல்லா எடுக்குது இல்ல?” என்றான்.

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உருளைக்கிழங்கு தீய்ந்தது. அவன் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன், பயணம் நல்லபடி முடிய எங்கள் ஊர் வழக்கப்படி கோட்டும் தொப்பியுமாக வாசல் பெஞ்சில் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தோம். பூங்கொத்தை வதீம் மடியில் வைத்திருந்தான். திரும்பும்போது அவன் பின்னிருக்கையில், உல்யானாவுக்கும் குழந்தைக்கும் காவலாக. நான் ஊர்ந்தேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடிக்கட்டும், எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

மருந்துக்கடை எதிரில் இருக்கும் பெரிய குழியை மட்டும் தவிர்க்க முடியவில்லை. சக்கரம் இறங்கி ஏறியது. குழந்தை விழித்து, பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் போட்டது.

கேமரா கீச்சென்றது.

“என்னம்மா அது?” என்றாள் உல்யானா.

“விபத்தாம்” என்றேன்.

“அத மட்டும் அழிச்சிடாத ஸோயா” என்றான் வதீம்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். குழந்தையின் நழுவிய சின்னத் தொப்பியைத் தன் தடித்த விரல்களால் அவன் சரிசெய்துகொண்டிருந்தான். எனக்கு முன்னால் கேமராவின் சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.