மேல் செட்

மணி நாலு இருபது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் மாஸ்டர் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார். பள்ளி அவருடையது. வாரத்தில் ஆறு நாள் அங்கே கிளட்ச், பிரேக் என்று பாடம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரை எங்கள் கூட்டம். சினிமா இசை கேட்கிறவர்கள், பதினான்கு பேர். சுவரில் குறுகிய வளைவு, முன்னால் பள்ளிக்கூடம், ஒலி எழுப்பாதே என்று வரிசையாக அட்டைகள். அவற்றுக்குக் கீழே பெஞ்சுகள். மேசைமேல் இரண்டு ஸ்பீக்கர்.

அந்த மாதம் பேய்ப்படங்களின் இசை. என்னை உறுப்பினராகச் சேர்த்துவிட்ட மருந்துக்கடை அக்கா எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"பேய் வர்றதுக்கு முன்னாடியே வயலின் வந்து நின்னுடுது. வரப்போறேன் வரப்போறேன்னு சொல்லிட்டு வந்தா அது பேயா, விருந்தாளியா?"

"வயலின் வந்தாத்தானே கண்ணை மூடிக்க முடியும்," என்றார் மாஸ்டர். "ஹாரன் எதுக்கு வெச்சிருக்கான்?"

"சத்தத்தைக் குறைச்சுட்டுப் பாருங்க மாஸ்டர். எல்லாப் பேயும் தலையை விரிச்சுப் போட்ட எங்க மாமியார்தான்."

"உங்க மாமியாரை நான் பாத்திருக்கேன். சத்தம் குறைச்சாலும் பயம்தான்."

சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் பீரோ படத்துக்கு வந்தார். படத்தின் பெயர் வேறு. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கதாநாயகி பீரோவைத் திறக்கிறாள். சட்டைகள் தொங்குகின்றன. கையால் விலக்கிக்கொண்டே போகிறாள். பதினொரு நொடி இசை கிடையாது. சட்டைகளுக்குப் பின்னால் ஒரு மூச்சு மட்டும். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. வெளியே வரும்போது அதன் நுனியில் மெல்லிய ஒரு விசில். தியேட்டரில் பெரிய ஆம்பளைகள் எழுந்து வெளியே போனார்களாம். அந்த ஒலியைச் செய்தவருக்கு விருது கிடைத்தது. ஈரத்துணி சுற்றிய புல்லாங்குழல் என்று எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருந்தார்.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பேய்ப்படம் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது. மாஸ்டர் அந்தப் பதினொரு நொடியை இரண்டு முறை போட்டார்.

"புல்லாங்குழல்னு என்னால நம்ப முடியலை," என்றாள் அக்கா. "பையனோட குழல்ல ஈரத்துணி சுத்தி நானும் ஊதிப் பாத்தேன். துணி நாறினதுதான் மிச்சம்."

"இரும்புக் குழாயா இருக்கும்."

"கொதிக்கிற கெட்டில்."

"கெட்டிலுக்கு மூச்சு வாங்குமாய்யா?"

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடி, பயந்துட்டியா?"

"ம்."

"அந்த மனுஷன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

அந்த மனுஷன் என் அண்ணன். இவர்களிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் ஆளாளுக்குச் சிபாரிசு கேட்பார்கள். பீரோவுக்குள் இருந்த மூச்சு எங்கள் அப்பாவுடையது.

நான் பல் செட் செய்கிறவள். யார் வாய்க்குள்ளும் பார்ப்பதில்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சு வரும். அதில் ப்ளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவேன். முழுக்க நானே செய்த முதல் மேல் செட் அப்பாவுடையது. இடது பக்கம், கோரைப்பல்லுக்கும் அதற்கு முந்தைய பல்லுக்கும் நடுவே ஒரு சந்து விழுந்துவிட்டது. தலைமுடி கனம்தான். அப்பா 'ச' சொன்னால் காற்று அந்த வழியாகப் போய் விசிலடிக்கும். சரிசெய்து தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். தரமாட்டார். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

"முப்பது வருஷம் விசிலை வாயில வெச்சுட்டுத் திரிஞ்சேன். இப்ப வாயே விசில். இருந்துட்டுப் போகட்டும்மா."

தையற்காரன் தன் தையலை மறப்பானா? ஆயிரம் விசிலுக்கு நடுவில் அதை எனக்குத் தெரியும். ஆனால் பெஞ்சின் விளிம்பை நான் பிடித்துக்கொண்டது அதற்காக மட்டும் இல்லை.

அப்பா படுத்தால் பல்லைக் கழற்றிவிடுவார். தலைமாட்டில் ஒரு டம்ளர் இருக்கும், அதில் போட்டுவிடுவார். யாராவது வந்து, பேச வேண்டியிருந்தால் மட்டும் கை டம்ளரைத் துழாவும். போன் பேசுவதற்குக்கூடப் பல் வேண்டும். பல் இல்லாமல் எங்கள் யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்டுவார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஒன்பது மணி நேரப் பயண தூரத்தில் இருந்தேன். அண்ணன்தான் கூட இருந்தான். ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் போன் செய்தான்.

"அப்பாவுக்கு நினைவு தப்பி ரெண்டு நாளாச்சு பாப்பா. பல்லெல்லாம் அன்னைக்கே கழட்டிட்டாங்க. நீ வந்தாலும் உன்னைத் தெரியப்போறதில்லை. கையில இருக்கிற வேலையை முடிச்சுட்டு நிதானமா வா."

கையில் இரண்டு செட் இருந்தது. முடித்தேன். ஒன்றைக் கூடுதலாகப் பளபளப்பாக்கவும் செய்தேன். நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். துணியை விலக்கினால் வாய் உள்ளே போயிருந்தது. அண்ணன் ஒரு காகிதத்தில் சுற்றி மேல் செட்டை என்னிடம் கொடுத்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம், அப்பா யாரையும் தேடாமல் போனார் என்று நம்பித்தான் நான் காலையில் எழுந்து வேலைக்குப் போனேன். பீரோவுக்குள் திணறிய அந்த மூச்சு ஆஸ்பத்திரிக்கு முன்னால் அப்பாவிடம் இருந்ததில்லை. விசில் இருந்தால் பல் இருந்தது. பல் இருந்தால் நினைவு இருந்தது, பேச ஏதோ இருந்தது. எதிரில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், மைக்கோடு.

போன் போட்டுக் கேட்டிருக்கலாம். புல்லாங்குழல் என்பான். சின்ன வயதிலிருந்தே அவனிடம் கேள்விக்கு முன்னால் பதில் தயாராக இருக்கும். அவன் தயாராக இல்லாத இடம் எனக்கு வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். தன்னைப் புகழ்கிறவர்கள் நடுவில்தான் அவன் எதற்கும் தயாராக இருக்கமாட்டான். அவன் அழ வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பதினொரு நொடி அவனுக்கு இல்லாமல் போக வேண்டும். இனி எங்கே யார் கைதட்டினாலும் அவன் காதில் அது அறைகிற சத்தமாக விழ வேண்டும்.

மறுநாளே போன் செய்தேன். பாகு மாதிரி வந்தது என் குரல். எனக்கே ஆச்சரியம்.

"அண்ணா, எங்க ஆளுங்க உன்னைப் பாக்கணும்னு உசிரை விடுறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போயேன்."

"உன் ஆளுங்கன்னா? அந்த டிரைவிங் ஸ்கூல் கும்பலா?" சிரித்தான். அவனுக்குப் பிடித்திருந்தது. "சரி, பாக்கலாம். நீ படம் பாத்துட்டியா?"

"பயமா இருக்கும்ணா."

"நல்லது. பாக்காதே."

அப்பாவின் மேல் செட் நான் வேலை செய்யும் பல் லேபில் பத்திரமாக இருந்தது. அந்தப் பல் சந்தை அளந்தேன். அகலம், ஆழம், சாய்வு. என் வாய்க்கு அச்செடுத்து, பல்லையும் அண்ணத்தையும் சேர்த்து மூடுகிற மாதிரி மெல்லிய தகடு ஒன்று செய்தேன். அதே இடத்தில், அதே அளவில் சந்து. முதல் நாள் வெறும் காற்று வந்தது. நாலாம் நாள் குருவி மாதிரி ஏதோ வந்தது. அடுத்த அறையிலிருந்து லேப் ஓனர் எட்டிப் பார்த்தார்.

"யாரு விசிலடிக்கிறது? என்னைப் பாத்தா?"

"உங்களைப் பாத்து இனிமே யாரு சார் அடிக்கப் போறா."

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு காதில் அந்தப் பதினொரு நொடி, மறு காதில் என் மூச்சு. தகட்டை எடுத்துத் தேய்ப்பேன், மறுபடி மாட்டுவேன். இத்தனை ஆசையாக எந்த வேலையும் நான் செய்ததில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. விசில் சரியாக இருந்தது, மூச்சு சரியாக இல்லை. ஒன்பதாம் நாள் முதுகு வலித்து, மேசைக்குக் கீழே தரையில் படுத்தேன். தகடு வாயில்தான் இருந்தது. நாக்கு தானாகப் பின்னால் சரிந்தது. மூச்சை விட்டேன். அப்பா வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன்.

அண்ணன் வந்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேருக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். மாஸ்டர் சட்டையை டக் செய்திருந்தார். அக்கா மருந்துக்கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தாள். தெரிந்தவர் மூலம் கூப்பிட்டதாக அவர்களிடம் சொல்லியிருந்தேன், உறவைச் சொல்லாதே என்று அண்ணனிடமும். அண்ணன் கறுப்புச் சட்டையில் மேசைமேல் ஒரு தொடையை ஏற்றி உட்கார்ந்து பேசினான். அவனுக்கு நன்றாகப் பேச வரும். படத்தில் பேயை எத்தனை நேரம் காட்டாமல் இருக்கலாம் என்று சொன்னான். காது பயந்த பிறகுதான் கண் பயப்படும் என்றான். மாஸ்டர் அதை எழுதிக்கொண்டார். கடைசியில் புல்லாங்குழலுக்கு வந்தான். எந்த வகைத் துணி, எத்தனை சுற்று, எவ்வளவு ஈரம் என்பது வரை சொன்னான். கைதட்டினார்கள். ஒரு பையன் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

நான் எழுந்தேன்.

"சார், ஒண்ணு செஞ்சு காட்டட்டுமா?"

சார் என்றதும் அண்ணன் சிரித்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பான். "தாராளமா," என்றான்.

திரும்பி நின்று தகட்டை மாட்டினேன். முன் பெஞ்சில் இருந்தவர்களைக் கையசைத்து எழுப்பிவிட்டு அதில் மல்லாந்து படுத்தேன். முப்பது பேர் எதிரில் ஒரு பெண் அப்படிப் படுப்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஃபேனை நிறுத்தச் சொல்லி மாஸ்டருக்கு ஜாடை காட்டினேன். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. நின்றதும் மூச்சை இழுத்தேன். விட்டேன். இழுத்தேன். விட்டேன். மூன்றாவது தடவை நுனியில் விசில் வந்தது. மெலிந்து, உடைந்து, கொஞ்சம் தாமதித்து அறுந்தது.

மாஸ்டர் ஃபேன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல்.

"அதேதான். அச்சு அசல் அதேதான்," என்றார் மாஸ்டர்.

"அடிப்பாவி, எப்படிடி?" அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சார், உங்க புல்லாங்குழல் குட்டு வெளிப்பட்டுடுச்சு. பல்லா? பல்லுலதான் செஞ்சீங்களா?"

சிரித்தார்கள். எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணனுக்கு அடுத்து நானும் என் அப்பாவின் மூச்சுக்குக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து இறங்கி நின்றிருந்தான்.

தகட்டைக் கழற்றி, எச்சிலோடு உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"இவர் எங்க அண்ணன். இது எங்க அப்பாவோட பல்லுல இருந்த சந்து. அளந்து செஞ்சேன். அந்தப் பீரோவுக்குள்ள புல்லாங்குழலும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்க அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு."

பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். மாஸ்டர் எழுதுகிற நோட்டை மூடினார். கையெழுத்து வாங்கிய பையன் தன் நோட்டைப் பெஞ்சுக்குக் கீழே கொண்டுபோனான். அதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான். அவன் கழுத்தில் சிவப்பு ஏறியது. இதற்காகத்தான் அத்தனை நாள் சாப்பாட்டு நேரத்தில் பட்டினி கிடந்தேன். நாக்கில் இனித்தது.

அக்கா அவனிடம் மெதுவாகக் கேட்டாள். "சாகக் கிடக்கும்போதா சார்?"

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஏழு நாள் நான்தான் கூட இருந்தேன். நீ இல்லை. ஏழு நாளும் அந்த நாற்காலியில. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். மைக்கை வெச்சேன்."

"வர வேண்டாம்னு சொன்னது யாரு?"

"உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான் சொன்னேன்." குரல் உயர்ந்தது. முப்பது பேர் கேட்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், அவர்களைப் பார்த்துத் தணிந்து சொன்னான். "முழுசாத் தூக்கிப் படத்துல போட்டுடலைங்க. மூச்சை மட்டும்தான் எடுத்தேன். அவர் பேசினதையெல்லாம் வெட்டிட்டேன். அவ்வளவு மோசமானவன் இல்லை நான்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். என்ன சொன்னோம் என்று அவனுக்கும் அப்போதுதான் கேட்டிருக்கும். மேசைமேல் மாஸ்டர் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திருகினான். மூடி வரவில்லை. மறுபடி திருகினான். பிளாஸ்டிக் நெரிந்தது.

பழிவாங்க வந்தவள் நான். எதை எதையோ சொல்லத் தயாராக வந்திருந்தேன். என் கையிலிருந்து எச்சில் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணா பேசினாரு?"